பூட்டிய கதவும் வெளியேறும் உரிமையும்: தொழிற்சாலைத் தீப் பாதுகாப்பின் ஒரு நூற்றாண்டு (1911–2013)

முன்னுரை

தொழிற்சாலையில் தீப்பற்றுவது விபத்தாக இருக்கலாம். உள்ளே இருப்பவர்கள் வெளியேற வழியின்றி மடிவதற்கான காரணங்களோ தீக்கு வெகுமுன்பே உருவாகிவிடுகின்றன. எந்தக் கதவைப் பூட்டுவது, அபாயமணி ஒலித்தால் யார் முடிவெடுப்பது, ஒத்திகைக்கு வேலை நேரத்தை ஒதுக்குவதா என்பனவெல்லாம் நிர்வாகம் நாள்தோறும் எடுக்கும் முடிவுகள். விதி எழுதப்பட்டதால் மட்டும் கதவுகள் திறக்கவில்லை. அதைச் சரிபார்க்கும் கண்காணிப்பும், ஆபத்தில் வேலையை நிறுத்தும் உரிமையும் சேர்ந்தபோதுதான் நடைமுறை மாறியது என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

நியூயார்க், 1911

மார்ச் 25 அன்று மாலை, ஆஷ் கட்டடத்தின் 8, 9, 10-ஆம் மாடிகளில் இயங்கிய டிரையாங்கிள் ஆடைத் தொழிற்சாலையில், 8-ஆம் மாடியின் துணிக்கழிவுத் தொட்டியில் தீப்பற்றியது. அங்கிருந்து 10-ஆம் மாடி அலுவலகத்துக்குத் தொலைபேசியில் தகவல் போயிற்று. இடையிலிருந்த 9-ஆம் மாடிக்கு எச்சரிக்கை எட்டவில்லை. திருட்டைத் தடுக்கவும் பைகளைச் சோதித்து அனுப்பவும் அம்மாடியின் ஒரு படிக்கட்டுக் கதவு பூட்டப்பட்டிருந்தது. வெளிப்புற இரும்புப் படிக்கட்டு பாரம் தாங்காமல் சரிந்தது. தீயணைப்பு வண்டியின் ஏணி 6-ஆம் மாடி அளவுக்கே உயர்ந்தது. 146 பேர் இறந்தனர். பெரும்பாலோர் புலம்பெயர்ந்து வந்த இத்தாலிய, யூத இளம்பெண்கள்.

அவ்வாண்டே மாநில அரசு விசாரணை ஆணையம் அமைத்தது. ராபர்ட் வாக்னர் தலைமையேற்றார். தீயை நேரில் கண்ட பிரான்சிஸ் பெர்கின்ஸ் அதன் பணியில் பங்கேற்றார். தீ ஒத்திகை, தானியங்கி நீர்த்தெளிப்பான், வேலை நேரத்தில் பூட்டப்படாத கதவு ஆகியவை அடுத்த சில ஆண்டுகளில் சட்டமாயின. ஆனால், கதவு பூட்டியிருந்தது உரிமையாளர்களுக்குத் தெரியும் என்பது நிரூபிக்கப்படவில்லை என்று கூறி நடுவர் குழு அவர்களை விடுவித்தது. அவர்களுள் ஒருவரான மாக்ஸ் பிளாங்க் 1913-இல் மீண்டும் தொழிற்சாலைக் கதவைப் பூட்டிப் பிடிபட்டார். விதிக்கப்பட்ட அபராதம் 20 டாலர். சட்டம் வந்துவிட்டது, அதை மீறுவதன் விலை மட்டும் மலிவாகவே இருந்தது.

ஆய்வாளர் வராத ஆலை

எண்பது ஆண்டுகளுக்குப் பின், 1991 செப்டம்பர் 3 அன்று, வட கரோலினாவின் ஹாம்லெட் நகரக் கோழி இறைச்சி ஆலையில் தீப்பிடித்து 25 பேர் இறந்தனர். இறைச்சி திருடப்படும் என்ற அச்சத்தில் அங்கும் கதவுகள் பூட்டப்பட்டிருந்தன. பணியிடப் பாதுகாப்புக்கென நாடு தழுவிய சட்டம் 1971 முதல் நடப்பில் இருந்தும், 11 ஆண்டுகளாக இயங்கிய அந்த ஆலைக்குள் ஒரு பாதுகாப்பு ஆய்வாளரும் கால் வைக்கவில்லை.

சான்றிதழும் அபாயமணியும்

2012-இல் சிக்கல் வேறு வடிவெடுத்தது. கராச்சியின் அலி என்டர்பிரைசஸ் ஆலை பன்னாட்டுத் தரச்சான்று பெற்ற சில வாரங்களிலேயே, செப்டம்பர் 11 அன்று எரிந்தது. 250-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அது திட்டமிட்டு வைக்கப்பட்ட தீ என்று நீதிமன்றம் பின்னர் தீர்ப்பளித்தது. தீ வைத்தவர் எவராயினும், சன்னல்களில் கம்பி அடித்து வாசல்களைப் பூட்டி வைத்திருந்தது ஆலையின் ஆயத்தமின்மையே.

நவம்பர் 24 அன்று டாக்கா அருகே தஸ்ரீன் ஆலையில் தீப்பற்றியபோது அபாயமணி ஒலிக்கவே செய்தது. மேற்பார்வையாளர்களோ தொழிலாளரை இருக்கைக்குத் திருப்பி அனுப்பினர். படிக்கட்டுகள் எல்லாம் தீ மூண்ட தரைத்தளத்திலேயே இறங்கின. குறைந்தது 112 பேர் இறந்தனர். மறுஆண்டு ஏப்ரல் 24 அன்று, முந்தைய நாளே விரிசல் கண்ட ரானா பிளாசா கட்டடத்துக்குள் தொழிலாளர் வற்புறுத்தி அனுப்பப்பட்டனர். அது இடிந்து 1,100-க்கும் மேற்பட்டோர் பலியாயினர்.

2013: திருப்பம்

அவ்வாண்டு மே மாதம் உலக ஆடை நிறுவனங்களும் தொழிற்சங்கங்களும் தீ, கட்டடப் பாதுகாப்புக்கான வங்கதேச ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. சட்டப்படி நிறுவனங்களைக் கட்டுப்படுத்தியது, சார்பற்ற பொறியாளர்களின் ஆய்வறிக்கைகளைப் பொதுவில் வைத்தது, ஆபத்தான வேலையை மறுக்கும் உரிமையைத் தொழிலாளருக்கு அளித்தது ஆகியவை முந்தைய தன்னார்வத் தணிக்கைகளிலிருந்து அதை வேறுபடுத்தின. பல ஆலைகளில் பூட்டக்கூடிய வெளியேற்றக் கதவுகள் அகற்றப்பட்டன.

முடிவுரை

நூறாண்டுச் சான்றுகள் ஒன்றைத் தெளிவாக்குகின்றன. தீயணைக்கும் கருவி இருப்பதாலோ கோப்பில் சான்றிதழ் இருப்பதாலோ ஒரு பணியிடம் ஆயத்தமாகிவிடாது. தஸ்ரீனில் மணி இருந்தது. அதைக் கேட்டு எழுந்து நடக்கும் அதிகாரம் தொழிலாளரிடம் இல்லை. ஆகவே தீப் பாதுகாப்பை மதிப்பிடும் எவரும் கருவிகளை எண்ணுவதோடு நிற்கக் கூடாது. வேலை நடக்கும் நேரத்தில், முன்னறிவிப்பின்றிச் சென்று கதவைத் தள்ளிப் பார்க்க வேண்டும். மணி ஒலித்தால் யாரிடமும் கேளாமல் வெளியேறலாம் என்பது கடைநிலைத் தொழிலாளிக்குத் தெரியுமா என்று அவரிடமே கேட்க வேண்டும்.