இல்லை எண்டால், எங்க இல்லை?

கலைப்பீடத்தில படிக்கிற எங்களுக்குக் கணினி நிரல் எதுக்கு எண்டு கேட்கிறவை இருக்கினம். ஒரு நாவலில ஒரு சொல் எத்தனை தரம் வருகுது, பழைய பத்திரிகையில ஊர்ப்பெயர்களை எப்படி எழுதியிருக்கினம் எண்டு பார்க்க வெளிக்கிட்டால் விடை தெரியும். பைதன் மொழியும், தமிழ் எழுத்துகளைச் சரியாகப் பிரித்துத் தரும் ‘ஓபன்-தமிழ்’ தொகுதியும் அதற்குக் கைகொடுக்கும். ஆனால் நல்லூரில எங்கட வட்டத்துக்கு வருகிற கனபேர் ஒரே இடத்திலதான் நிற்கினம். இன்ஸ்ரோல் பண்ணியாச்சு, ஓடவிட்டால் “அப்படியொரு மொடியூல் இல்லை” எண்டு வருகுது. “உது எங்களுக்குச் சரிவராது” எண்டு லப்டொப்பை மூடிவிடுகினம். அந்த ‘இல்லை’க்கு ஒரு வரலாறு இருக்கு.

1949 மே 6 அன்று கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் எட்சாக் கணினி தன் முதல் நிரலை ஓட்டியது. மொரிஸ் வில்க்ஸின் குழுவில் டேவிட் வீலர் ஆராய்ச்சி மாணவர். அடிக்கடி தேவைப்படும் கணக்குகளைத் துளையிட்ட கடதாசி நாடாக்களில் பதித்து, அலுமாரியில் அடுக்கி வைத்தார்கள். அதற்கு அவர்கள் வைத்த பெயர் நூலகம். 1951 அளவில் அதில் 87 துணைநிரல்கள் இருந்தன. வேண்டியதை ஆளே தேடியெடுத்துத் தன் நாடாவில் பிரதி பண்ணவேணும்.

பிறகு வட்டுகள் வந்தன. தேடும் வேலை இயந்திரத்தின் கைக்குப் போனது. எங்கெங்கே தேடுவது என்று அதற்கு ஒரு பட்டியல் தேவைப்பட்டது. 1987 இல் வந்த பேர்ள் மொழியிலும், 1991 இல் வந்த பைதனிலும் அந்தப் பட்டியல் உண்டு. பேர்ள், மொடியூல் கிடைக்காவிட்டால் தான் தேடிய இடங்களையும் பிழைச்செய்தியிலேயே சொல்லிவிடும். பைதன் ‘இல்லை’ எண்டதோட நிறுத்திவிடும். அதனால்தான் ‘நான் பார்த்த இடத்தில் இல்லை’ என்பது எங்கட காதில் ‘எங்கேயும் இல்லை’ எண்டு கேட்குது.

பெரும்பாலும் காரணம் மூன்றில் ஒன்று.

முதலாவது, ஒரே கணினியில் பல பைதன்கள். 2008 டிசம்பரில் பைதன் 3 வந்தது. பைதன் 2 க்கான ஆதரவு 2020 தொடக்கத்தில்தான் முடிந்தது. அதுவரை கன கணினிகளில் இரண்டும் ஒன்றாகக் குடியிருந்தன, ஒவ்வொன்றுக்கும் தனி அலுமாரியோட. இண்டைக்கும் ஒரு பைதனில் இன்ஸ்ரோல் பண்ணி, இன்னொன்றில் ஓடவிடுவது நடக்குது. 2012 இல் பைதன் 3.3 உடன் வந்த மெய்நிகர் சூழல் வசதி ஒவ்வொரு வேலைக்கும் தனி அலுமாரி தரும். ஆனால் அதைத் திறந்துவிட்டுத்தான் வேலை தொடங்கவேணும். பிப்பைத் தனியாகக் கூப்பிடாமல், நிரலை ஓட்டப்போகும் அதே பைதன் ஊடாகக் கூப்பிடுங்கோ.

இரண்டாவது, பெயர். இன்ஸ்ரோல் பண்ணும்போது ‘ஓபன்-தமிழ்’. நிரலுக்குள் அழைக்கும்போது வெறும் ‘தமிழ்’.

மூன்றாவது, வரிசை. பைதன் முதலில் தேடுவது உங்கட நிரல் இருக்கும் கோப்புறையில். உங்கட கோப்புக்கும் ‘தமிழ்’ எண்டே பெயர் வைத்தால், உண்மையான தொகுதியை அது மறைத்துவிடும்.

யாழ்ப்பாணத்தில் ‘இல்லை’ என்பது கனமான சொல். 1981 இல் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. அதில் ஒற்றைப் பிரதியாக இருந்தவை திரும்பி வரப்போவதில்லை. ஆனால் வேறு அலுமாரிகளில் எஞ்சிக் கிடந்த நூல்களையும் பத்திரிகைகளையும் 2005 இல் தொடங்கிய ‘நூலகம்’ எண்ணிம நூலகத் திட்டம் தேடித்தேடிச் சேர்த்து வருகிறது. அந்தப் பக்கங்களை எழுத்தாக்கி, எண்ணி, ஒப்பிட்டு ஆராய, மொழியும் வரலாறும் படித்த ஆட்கள் வேணும். அவர்கள் ஒரு பிழைச்செய்தியோடு திரும்பிப் போனால் அந்த வேலையை ஆர் செய்யிறது?

ஆகவே ‘இல்லை’ எண்டு வந்தால் லப்டொப்பை மூடாதேங்கோ. எந்தப் பைதன் ஓடுது எண்டு பாருங்கோ, பிறகு ‘சிஸ்.பாத்’ பட்டியலைத் திரையில் எடுத்து, அது எங்கெங்கே தேடியிருக்கு எண்டு ஒவ்வொரு வரியாக வாசியுங்கோ.