யாருடைய சட்டை?

நான் மின்பொறியாளன். அதனால்தானோ என்னவோ, அந்தப் படத்தில் முதலில் கண்ணில் பட்டது மின்கம்பிதான். சாக்குத்துணியில் தைத்த ஒரு சுவர்த்தொங்கல். மேலே மஞ்சள் சூரியன், அதன்கீழ் மலைத்தொடர், அதற்கும் கீழே வரிசையாகக் குட்டி வீடுகள். மின்கம்பத்திலிருந்து ஒரு கறுப்பு நூல் வளைந்து வீட்டுக்குள் போகிறது. ஒரு துணிப்பொம்மை கம்பைத் தூக்கிக் கம்பியில் கொக்கி மாட்டுகிறது. “அட, கரண்டு திருடுறாங்க!” என்று சிரித்துவிட்டேன். அப்புறம்தான் இதையெல்லாம் தைத்தது யார் என்று தேட ஆரம்பித்தேன். சிரிப்பு நின்றுவிட்டது.

இதன் பெயர் அர்ப்பியேரா. ஸ்பானிய மொழியில் சாக்குத்துணி என்று அர்த்தம். நாடு, சிலி.

இந்தக் கலை அங்கே புதிதல்ல. நாட்டுப்புறப் பாடகி வியோலெத்தா பாரா, நோயில் படுத்திருந்த நாட்களில் சாக்கில் கம்பளி நூலால் தைக்கத் தொடங்கியவர். 1964இல் அவருடைய தொங்கல்கள் பாரிஸில் லூவர் மாளிகையின் அலங்காரக் கலை அருங்காட்சியகம் வரை போயின. ஆனால் அது நூல் வேலை. பத்தாண்டு கழித்து வந்ததில் நூலைவிடத் துணிதான் முக்கியம். அதுவும் யாருடைய துணி என்பது.

1973 செப்டம்பர் 11 அன்று ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. ஜெனரல் பினோசேயின் ஆட்சி 1990 மார்ச் வரை நீடித்தது. வீட்டிலிருந்தும் வேலையிடத்திலிருந்தும் கூட்டிச் செல்லப்பட்ட பலர் திரும்பவே இல்லை. மனைவிமாரும் அம்மாக்களும் சிறைச்சாலை, மருத்துவமனை, பிணவறை என்று அலைந்தார்கள். அப்படி ஒருவரைப் பிடிக்கவே இல்லை என்பதுதான் கிடைத்த பதில்.

தேவாலயங்கள் சேர்ந்து அமைத்த ஓர் உதவிக்குழுவில் 1974 வாக்கில் இந்தப் பெண்கள் ஒன்றாக உட்கார்ந்து தைக்கத் தொடங்கினார்கள். பினோசேயின் நெருக்குதலால் 1975 இறுதியில் அந்தக் குழு மூடப்பட்டது. அடுத்த மாதமே, 1976 ஜனவரியில், கர்தினால் ராவுல் சில்வா என்ரிக்கேஸ் தம் மறைமாவட்டத்தின் கீழ் ‘விக்காரியா தெ லா சொலிதாரிதாத்’ என்ற அமைப்பைத் தொடங்கினார். தையல் அங்கே தொடர்ந்தது.

செய்முறை எளிமையானதுதான். மாவுச் சாக்கைத் துவைத்து வெட்டி அடித்துணியாக வைப்பார்கள். முதலில் வானம், ஆண்டீஸ் மலை என்று பெரிய துண்டுகள். அதன்மேல் வீடு, மரம், தெரு. பிறகு பொம்மைகள். தலைக்குள் கந்தலை அடைத்து, கம்பளி நூலால் முடி வைத்து, துணியிலிருந்து புடைத்து நிற்கும்படி தைப்பார்கள். தீக்குச்சி விறகாகிவிடும். கடைசியில் ஓரத்தைச் சுற்றிக் கம்பளி நூலில் பின்னல். சிலவற்றின் பின்பக்கம் ஒரு சின்னப் பை இருக்கும். அதற்குள் தைத்தவர் எழுதிய சீட்டு.

துணி வாங்கக் காசு கிடையாது, பழந்துணிதான். சிலர் காணாமல்போன கணவனின் சட்டையையே வெட்டினார்கள், மகனின் காற்சட்டையையே வெட்டினார்கள். இந்த இடத்தில்தான் நான் வெகுநேரம் நின்றேன். அந்த மனிதரை ஓவியமாக வரைந்திருக்கலாம். ஆனால் ஆளே பிடிபடவில்லை என்று அரசாங்கம் சொல்லும்போது வரைந்த முகம் எதை நிரூபிக்கும்? சட்டை அப்படியில்லை. அதை ஒருவர் போட்டிருந்தார். தொட்டுப் பார்க்கலாம்.

நடந்ததை நடந்தபடி தைத்தார்கள். 1978இல் லொன்கேன் ஊரின் சுண்ணாம்புச் சூளையில் 15 ஆண்களின் எச்சங்கள் கிடைத்தன. 1973இல் பிடித்துச் செல்லப்பட்டவர்கள் அவர்கள். சூளை அர்ப்பியேராவில் ஏறியது. 1979இல் பெண்கள் பழைய நாடாளுமன்றக் கட்டடத்தின் வேலியில் தங்களைச் சங்கிலியால் பிணைத்துக்கொண்டார்கள். அதுவும் ஏறியது. ஜோடியாக ஆட வேண்டிய குவேக்கா நடனத்தை, நெஞ்சில் கணவனின் படத்தைக் குத்திக்கொண்டு தனியாக ஆடும் பெண்ணும் ஏறினாள்.

ஆரம்பத்தில் யாரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பொம்பளைங்க பொம்மை தைக்கிறாங்க, அவ்வளவுதானே! அந்த அலட்சியத்தில்தான் பல தொங்கல்கள் நாட்டைவிட்டு வெளியே போயின. அரசு ஆதரவு ஊடகங்கள் பின்னர் இதை அவதூறு என்று சாடின.

வெளிநாட்டில் அவை விற்கப்பட்டன. அந்தப் பணத்தில் இங்கே ரொட்டி வாங்கினார்கள். அப்படியென்றால் துக்கத்தை விற்றார்களா? எனக்கும் அந்தக் கேள்வி வந்தது. ஆனால் கணவனைக் கொண்டுபோனவர்கள் அவன் சம்பளத்தையும் சேர்த்துத்தான் கொண்டுபோனார்கள். அந்தக் கறுப்பு நூலும் இந்தக் கணக்கில் வருவதுதான். என் வேலையில் அது ‘இழப்பு’ என்ற பத்தியில் வரும் ஓர் எண். தைத்தவளுக்கு அது ஓர் இரவின் விளக்கு.

1991இல் உண்மை அறியும் ஆணையம் 2,279 பேர் கொல்லப்பட்டதாகவோ காணாமலாக்கப்பட்டதாகவோ பதிவு செய்தது. எண்ணிக்கை பின்னர் கூடியது. 1,000க்கும் மேற்பட்டோர் இன்னும் கிடைக்கவில்லை. அவர்களைத் தேட 2023இல்தான் சிலி அரசு ஒரு தேசியத் திட்டத்தை அறிவித்தது. ஐம்பது வருடம்! 2010இல் சாந்தியாகோவில் திறந்த நினைவு அருங்காட்சியகத்தில் இப்போது அர்ப்பியேராக்கள் இருக்கின்றன. அரசாங்கம் ஒப்புக்கொள்வதற்குப் பல வருடம் முன்பே சாக்குத்துணியில் எழுதப்பட்ட வரலாறு அது.

எங்கள் வீட்டில் பாட்டி தைத்த ஒட்டுப்போர்வை ஒன்று இருக்கிறது. பழைய கைலி, சேலை, எதெதுவோ. போன வாரம் அதை அம்மாவிடம் விரித்துக் காட்டி ஒவ்வொரு துண்டாகக் கேட்டேன். கட்டம் போட்டது தாத்தாவின் கைலி என்றார். பச்சைப் பூ பெரியம்மாவின் பாவாடை. அதற்குமேல் தெரியவில்லை.

“பாட்டிகிட்ட கேட்டிருக்கணும்டா.”

எங்கள் கதையில் ராணுவம் இல்லை, காணாமலாக்கப்பட்டவர் இல்லை. வெறும் மறதிதான். ஆனாலும் பாட்டி தைத்த போர்வையில் பின்பக்கப் பை இல்லை, சீட்டும் இல்லை. தெரிந்த இரண்டு பெயர்களையாவது எழுதி அதில் தைத்து வைக்கலாம் என்று ஊசி வாங்கி வந்திருக்கிறேன்.