அந்தக் காலி வரி

மலேசியாவின் கிள்ளானில் நாய்க்குட்டி வளர்ப்பவர்களிடம் ஒரு சின்னப் புத்தகம் இருக்கும். பார்வோ, டிஸ்டெம்பர் ஊசி போட்ட தேதிகள் அதில் வரிசையாக இருக்கும். வெறிநோய் வரி மட்டும் பல புத்தகங்களில் காலி. அது சும்மா காலியாகவில்லை.

வெறிநாய்க்கடி என்றால் நம் பாட்டிமாருக்குத் தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசிதான் ஞாபகத்துக்கு வரும். கடிபட்டவருக்கு அத்தனை ஊசி. கடிக்கக்கூடிய நாய்க்கு ஒன்றுமில்லை. இத்தனைக்கும் மருந்தை முதலில் போட்டுப் பார்த்ததே நாய்களுக்குத்தான். முயலின் தண்டுவடத்தை உலர்த்தித் தயாரித்த மருந்தை நாய்களிடம் சோதித்த பிறகே, 1885 ஜூலை 6 அன்று ஒன்பது வயது ஜோசப் மைஸ்டருக்குப் போடத் துணிந்தார் லூயி பாஸ்டர். பையன் பிழைத்தான், உலகம் கொண்டாடியது. நாயை மறந்துபோனார்கள். நாள் தவறாமல் ஊசி போட எந்த நாய் நின்று காட்டும்? ஒரே ஊசியில் முடிக்கும் வழியை ஜப்பானில் உமேனோ, தோய் என்ற ஆய்வாளர்கள் 1921-இல் வெளியிட்டார்கள்.

அடுத்த மருந்து ஒரு சிறுமியிடமிருந்து வந்தது. 1939-இல் அமெரிக்காவின் ஜார்ஜியாவில் வெறிநோயில் இறந்த அவளுடைய குடும்பப் பெயர் ஃபிளூரி. அவள் மூளையில் கிடைத்த கிருமியைக் கோழிக்குஞ்சுகளில் மாற்றி மாற்றி வளர்த்தார்கள். பிறகு கொப்ரோவ்ஸ்கி, காக்ஸ் என்ற ஆய்வாளர்கள் அதை முட்டைக்கருவுக்குப் பழக்கினார்கள். கோழிக்குப் பழகப் பழக, நாயைக் கொல்லும் வேகம் அதற்குக் குறைந்துபோயிற்று. நோயை எதிர்க்கக் கற்றுக்கொடுக்கும் குணம் மட்டும் மிஞ்சியது.

1952-இல் கோலாலம்பூரில் வெறிநோய் பரவியபோது வந்திறங்கியது இந்த மருந்துதான். வளர்ப்பு நாய்களுக்குக் கட்டாய ஊசி. தெருநாய்களுக்கு ஊசி இல்லை, சாவுதான். கதையின் இந்தப் பக்கத்தைப் பெருமையோடு படிக்க முடியாது. ஓரிரு ஆண்டுகளில் நோய் அடங்கியது. மீண்டும் நுழையாமலிருக்கத் தாய்லாந்து எல்லையோரம் நாய்களுக்குத் தொடர்ந்து ஊசி போட்டு ஒரு வேலியே கட்டினார்கள். கிள்ளானில் அந்த வரியை நிரப்பவேண்டிய அவசியம் குறைந்தது இப்படித்தான்.

2015-இல் பெர்லிஸ், கெடா, பினாங்கில் வெறிநோய் மறுபடி தலைகாட்டியது. 2017-இல் சரவாக்கிலும். அங்கே இன்று நாய் வளர்ப்பவர் அந்த வரியை நிரப்பாமல் விடுவதற்கில்லை.