ஒரு புள்ளியால தோத்தவர்

1958ஆம் ஆண்டின் ஃபார்முலா வன் பட்டம் ஒரேயொரு புள்ளியால் முடிவானது. மைக் ஹோத்தோர்னுக்கு 42, ஸ்டிர்லிங் மொஸ்ஸுக்கு 41. அந்த வருசம் மொஸ் வென்ற பந்தயங்கள் நான்கு. ஹோத்தோர்ன் வென்றது ஒன்றே ஒன்று. பிறகேன் மொஸ் தோத்தார்?

காரணம், ஓகஸ்ட் மாதம் போர்த்துக்கல்லின் போர்ட்டோ நகரத்தில் நடந்த பந்தயம். மொஸ் முதலாவது, ஹோத்தோர்ன் இரண்டாவது. ஆனால் கடைசியில் ஹோத்தோர்னின் கார் நின்றுபோக, அதைத் திரும்ப இயக்குவதற்காக ஓட்டத்துக்கு எதிர்த்திசையில் நகர்த்திவிட்டார் என்று நடுவர்கள் அவரை விலக்கப் பார்த்தார்கள். அப்போது அவருக்காகப் பேசப் போனவர் மொஸ்தான். கார் போனது நடைபாதையில், பந்தயப் பாதையில் இல்லை என்று சாட்சி சொன்னார். ஹோத்தோர்னின் 7 புள்ளிகள் தப்பின. மொஸ் பேசாமல் இருந்திருந்தால் பட்டம் அவருக்குத்தான். 2020இல் இறக்கும்வரை அவர் உலகப் பட்டம் வென்றவரில்லை. ஆனாலும் கார்ப் பந்தயத்தில் நேர்மை என்ற பேச்சு வந்தால் முதலில் வருவது அவர் பெயர்தான்.

இதெல்லாம் வெள்ளைக்காரர் கதை, எங்களுக்கென்ன என்று கேட்கலாம். சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுபாதையில் பல வருசம் கார்ப் பந்தயம் நடந்தது. 1953இல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அதை நடத்தியது. இலங்கையிலிருந்தும் ஓட்டுநர்கள் போய் ஓடினார்கள். வெளிநாட்டுக் கார் இறக்குவது கடினமான காலம் அது. ஃபியட்டையும் ஹெரால்டையும் பிரித்து மேய்ந்துதான் வேகம் எடுத்தார்கள். காசுள்ளவன் கையில் நல்ல வண்டி, மற்றவன் பின்னால் என்ற நிலையும் இருந்தது.

அதை மாற்ற நினைத்தவர்களில் ஒருவர் கோயம்புத்தூர் கரிவரதன். அவரே வேகமான ஓட்டுநர். மாருதி 800 எஞ்சினை வைத்து, மலிவான ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்களை உருவாக்கினார். எல்லாருக்கும் ஒரே மாதிரிக் கார். வென்றால் அது கையின் திறமை. தன்னை முந்தக்கூடியவனுக்கும் வண்டி கட்டிக்கொடுப்பதற்குப் பெரிய மனசு வேணும். 1995இல் அவர் விமான விபத்தில் இறந்தார். கோவையின் கரி மோட்டார் ஸ்பீட்வே அவர் பெயரில்தான் இருக்கிறது.

எங்கட வன்னிப் பக்கத்து வண்டில் சவாரியைப் பாருங்கள். மாடுகளைத் தரம் பிரித்துத்தான் ஓட விடுகிறார்கள். இளங்கன்றையும் பேர்போன சோடியையும் ஒன்றாய் விட்டால் அதில் போட்டி ஏது? சமமான எதிராளி இல்லாத வெற்றி வெற்றியே இல்லை என்பது எங்கட பெரியவர்களுக்கு எப்பவோ தெரிந்த விசயம்.

ஹோத்தோர்னின் கதைக்கு இன்னொரு முடிவும் உண்டு. பட்டம் வென்று சில மாதத்தில், 1959 ஜனவரியில், இங்கிலாந்தில் சாதாரண வீதியொன்றில் தன் ஜாகுவாரை வேகமாக ஓட்டி, இன்னொரு காரை முந்திய கையோடு கட்டுப்பாடு இழந்து இறந்தார். வயது 29. உலக சம்பியனின் கையே வீதியில் தப்பவில்லை.

அடம்பன் வயல் நடுவே நேராய்க் கிடக்கும் தார் வீதியைக் கண்டால் பொடியளுக்குக் கை துருதுருக்கும். ஆசை பிழையில்லை. ஆனால் பந்தயப் பாதையில் எதிரே எவரும் வரமாட்டார்கள். நடுவர் இருப்பார், அம்புலன்ஸ் நிற்கும், ஓடுகிற இரண்டு பேரும் சம்மதித்து ஓடுகிறார்கள். வீதியில் நெல் மூட்டையோடு வரும் உழவு இயந்திரத்துக்கும், ரியூசன் முடிந்து சைக்கிளில் வரும் பிள்ளைக்கும் தாங்கள் ஒரு பந்தயத்துக்குள் இருப்பதே தெரியாது. அவர்களிடம் ஒருத்தரும் சம்மதம் கேட்கவில்லை. எதிராளியின் 7 புள்ளிக்காகத் தன் பட்டத்தையே விட்டவரைப் பிடிக்கும் என்றால், வீதியில் வேகத்தைக் குறைப்பது அவ்வளவு பெரிய விட்டுக்கொடுப்பில்லை.