மூச்சைச் சுமந்த கைகள்: கோபன்ஹேகன் 1952



கொரோனாப் பெருந்தொற்றின்போது நாம் அனைவரும் ஒரு கணக்கைக் கற்றுக்கொண்டோம். எந்த மருத்துவமனையில் எத்தனை தீவிர சிகிச்சைப் படுக்கைகள் காலியாக உள்ளன, எத்தனை வென்டிலேட்டர்கள் உள்ளன என்று நாள்தோறும் விசாரித்தோம். ஆனால், இன்றைய தீவிர சிகிச்சைப் பிரிவே ஒரு கொள்ளை நோயின் நடுவில், கருவிகள் போதாத ஒரு மருத்துவமனையில்தான் உருப்பெற்றது என்பதை நம்மில் பலர் அறிந்திருக்க மாட்டோம். டென்மார்க்கின் தலைநகரான கோபன்ஹேகனில் 1952ஆம் ஆண்டு நடந்த அந்த வரலாற்றில் நமக்கும் படிப்பினை உண்டு.

அந்த ஆண்டின் கோடையில் போலியோ என்னும் இளம்பிள்ளை வாதம் அந்நகரைத் தாக்கியது. அதற்கான சால்க் தடுப்பூசி பயன்பாட்டுக்கு வந்தது 1955இல்தான். நகரின் தொற்றுநோய் மருத்துவமனையான பிளெக்டாமுக்கு ஆறு மாதங்களில் 2,700க்கும் மேற்பட்ட நோயாளிகள் வந்து சேர்ந்தனர். நோய் உச்சத்தில் இருந்தபோது ஒரே நாளில் ஐம்பது பேர் வரை வந்தனர். அவர்களுள் 300க்கும் மேற்பட்டோருக்கு மூச்சு விடுவதற்கும் விழுங்குவதற்கும் உதவும் தசைகள் செயலிழந்தன. மருத்துவமனையிடம் இருந்தவையோ ஓர் ‘இரும்பு நுரையீரல்’, மார்பின்மேல் கவசம்போலப் பொருத்தும் ஆறு சிறு கருவிகள், அவ்வளவே.

இரும்பு நுரையீரல் என்பது 1928இல் அமெரிக்காவில் பயன்பாட்டுக்கு வந்த ஒரு பெரிய உலோகப் பெட்டி. நோயாளியின் தலை மட்டும் வெளியே இருக்கும். பெட்டிக்குள் காற்றழுத்தத்தைக் குறைத்தால் மார்பு விரிந்து காற்று உள்ளே செல்லும். தொண்டைத் தசைகள் செயலிழந்தவருக்கு இது போதவில்லை. விழுங்க முடியாமல் தேங்கிய எச்சிலும் சளியும் நுரையீரலுக்குள் இறங்கின. முதல் மூன்று வாரங்களில் கருவிகளின் உதவியுடன் சிகிச்சை பெற்ற 31 பேரில் 27 பேர் இறந்தனர்.

தலைமை மருத்துவர் லாசென் துறையில் பெரும் அனுபவமும் மதிப்பும் பெற்றவர். தம்மிடம் பணியாற்றிய இளைய மருத்துவர் ஒருவரின் யோசனையை ஏற்று, அறுவை அரங்கில் மயக்க மருந்து கொடுக்கும் பியோர்ன் இப்சென் என்பவரை அவர் அழைத்தார். தொற்றுநோய்ச் சிகிச்சையில் மயக்கவியல் மருத்துவருக்கு அன்று இடமே இல்லை. நோயாளிகளின் இரத்தத்தில் காணப்பட்ட ஓர் அளவீட்டை, காரத்தன்மை கூடியதன் அடையாளம் என்று அங்கிருந்தோர் எண்ணியிருந்தனர். இப்சென் வேறுவிதமாகப் பார்த்தார். காற்று போதாமல் கரியமில வாயு உடலில் தேங்குவதையே அது காட்டுகிறது என்றார்.

அதனை மெய்ப்பிக்க, ஆகஸ்ட் மாத இறுதியில், மரணத்தின் விளிம்பிலிருந்த 12 வயதுச் சிறுமி ஒருத்தியை அவரிடம் ஒப்படைத்தனர். தொண்டையில் துளையிட்டு மூச்சுக்குழாயினுள் ஒரு குழாய் பொருத்தப்பட்டது. மூச்சுக்குத் திணறிய சிறுமியின் உடல் முரண்டியதால் முதலில் காற்று உள்ளே செல்லவில்லை. இப்சென் மயக்க மருந்து கொடுத்து அந்தப் போராட்டத்தை அடக்கினார். பின்பு சளியை உறிஞ்சி எடுத்து, ரப்பர் பை ஒன்றைக் கையால் அமுக்கி நுரையீரலுக்குள் காற்றைச் செலுத்தினார். சிறுமியின் நிலை சீரடைந்தது. அவள் பிழைத்துக்கொண்டாள்.

வழி தெரிந்துவிட்டது, ஆனால் அதனைச் செய்யக் கருவி இல்லை. ஒரு கட்டத்தில் ஏறத்தாழ எழுபது பேருக்கு ஒரே நேரத்தில் மூச்சு கொடுக்க வேண்டியிருந்தது. ஒருவர் ஆறு மணி நேரம் பையை அமுக்கினாலும் நாளொன்றுக்கு 280 பேர் தேவை. இதற்காக மருத்துவ, பல்மருத்துவ மாணவர்கள் திரட்டப்பட்டனர். முறைவைத்து இரவு பகலாக நோயாளியின் அருகிலமர்ந்து, ஒவ்வொரு மூச்சையும் தம் கையால் கொடுத்தனர். மொத்தம் சுமார் 1,500 மாணவர்கள், சுமார் 1,65,000 மணி நேரம் இப்பணியைச் செய்தனர் என்று வரலாறு பதிவு செய்துள்ளது.

அந்த இளைஞர்களின் நிலையைச் சற்றே எண்ணிப் பாருங்கள். எதிரே கிடப்பவர் பெரும்பாலும் ஒரு குழந்தை. நினைவு இருக்கும், தொண்டையில் குழாய் இருப்பதால் பேச இயலாது. அமுக்குபவரின் கை அசந்தால் மூச்சு நின்றுவிடும். சிலர் தம் கையால் மூச்சு கொடுத்துக்கொண்டிருக்கும்போதே அந்த நோயாளி இறந்துபோவதையும் கண்டனர். பின்னர் அடுத்த முறைக்கும் வந்தனர். மூச்சுதவி தேவைப்பட்டோரில் நூற்றுக்கு எண்பதுக்கு மேலிருந்த இறப்பு, நாற்பது என்னும் அளவுக்கும், பின்னர் அதனினும் கீழாகவும் இறங்கியது.

இதன் விளைவுகள் அந்நகரோடு நின்றுவிடவில்லை. அதே மருத்துவமனையின் ஆய்வகத்தில் பணியாற்றிய அஸ்ட்ரூப், இரத்தத்தின் அமிலத் தன்மையையும் கரியமில வாயுவையும் அறியும் முறைகளை வளர்த்தெடுத்தார். சுவீடனில் எங்ஸ்ட்ரோம் உருவாக்கிய இயந்திரம், மாணவர்களின் கைகள் செய்த பணியை ஏற்றுக்கொண்டது. 1953 டிசம்பரில், கோபன்ஹேகனின் நகராட்சி மருத்துவமனையில், மூச்சுதவி தேவைப்படும் எல்லாவித நோயாளிகளையும் ஓரிடத்தில் வைத்து இரவு பகலாகக் கவனிக்கும் பிரிவை இப்சென் தொடங்கினார். உலகின் முதல் தீவிர சிகிச்சைப் பிரிவு என்று பலரும் அதனையே குறிப்பிடுகின்றனர்.

சகோதரர்களே! 2020இல் நாடுகள் வென்டிலேட்டர்களை வாங்க முண்டியடித்தன. இயந்திரங்கள் வந்த பல இடங்களில் அவற்றை இயக்கப் பயிற்சி பெற்ற செவிலியரும் மருத்துவரும் போதவில்லை. 2021இல் நம் நாட்டில் இரண்டாம் அலை வீசியபோது, படுக்கை கிடைத்தும் ஆக்சிஜன் கிடைக்காமல் குடும்பங்கள் அலைந்ததை நாம் மறந்துவிடவில்லை. படுக்கைகளின் எண்ணிக்கை மட்டும் ஒரு மருத்துவமனையின் வலிமையைச் சொல்லிவிடாது. காற்றும், அதைச் செலுத்தும் கருவியும், அருகிலிருந்து கண்காணிக்கும் மனிதரும் ஒருசேர இருந்தால்தான் அந்தப் படுக்கையால் பயன் உண்டு.

லாசெனிடமிருந்தும் நாம் கற்க வேண்டியது உண்டு. தம் பதவியை எண்ணி அவர் தயங்கியிருந்தால், வேறொரு துறையைச் சேர்ந்தவரிடம் வழி கேட்டிருக்க மாட்டார். தெரியாததைத் தெரிந்தவரிடம் கேட்பதில் இழிவில்லை என்று நம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் நமக்கு, அதனைச் செயலில் காட்டிய ஒரு மனிதர் அவர்.

நம் வீடுகளில் மேற்படிப்பைப் பற்றிப் பேசும்போது மருத்துவர், பொறியாளர் என்ற இரண்டோடு பேச்சு முடிந்துவிடுவதை நாம் காண்கிறோம். செவிலியர் படிப்பும் தீவிர சிகிச்சைத் தொழில்நுட்பப் படிப்பும் இரண்டாந்தரமாகவே எண்ணப்படுகின்றன. நோயாளியின் அருகில் இரவெல்லாம் விழித்திருப்பவர் பெரும்பாலும் அவற்றைப் படித்தவரே. அடுத்த பெருந்தொற்று எப்போது வரும் என்பதை இறைவனே அறிவான். அன்று தேவைப்படும் கைகளுக்குப் பயிற்சி கொடுக்கும் காலம் இதுவே. நம் மகனோ மகளோ அப்படிப்பை விரும்பிக் கேட்டால், மனமுவந்து அனுப்பி வைப்போமாக.