வனவழிகாட்டிப் பயிற்சி (தென்னாப்பிரிக்கா)

வனவிலங்குகளைக் காண வரும் யாத்திரிகரை அபாயமின்றி அழைத்துச் சென்று, வனத்தின் இயல்பை விளக்கியுரைக்கும் வல்லமையை அளிக்கும் தொழிற்கல்வி. 1926-இல் தேசியப் பூங்காவாகப் பிரகடனம் செய்யப்பெற்ற குரூகர் வனத்தின் வடகோடியில், லிம்போபோ, லுவுவு நதிகளுக்கிடையே அமைந்த மக்குலேக்கே பிரதேசம் இக்கல்விக்குப் பெயர்பெற்ற நிலைக்களன்; 1969-இல் அங்கிருந்து பலவந்தமாக வெளியேற்றப்பட்ட மக்குலேக்கே மக்கள், 1998-இல் அப்பூமியின் உரிமையை மீளப் பெற்ற பின்னரும், அதனை வனமாகவே காத்து வருவது போற்றத்தக்கது.

வேலியற்ற முகாமில் தங்கும் மாணாக்கர், வைகறையில் ஆசானைப் பின்தொடர்ந்து ஒற்றை வரிசையாக நடந்து, மணலில் பதிந்த சுவட்டில் நகக்குறி காணப்படின் கழுதைப்புலி போன்றதென்றும், நகக்குறியின்றிப் பாதத்திண்டின் பின்விளிம்பு மூன்று மடலாகப் பிரிந்திருப்பின், அளவு நோக்கிச் சிறுத்தை அல்லது சிங்கமென்றும் பகுத்தறியப் பழகுகின்றனர். சாம்பல் நிரப்பிய துணிமுடிச்சை உதறிக் காற்றின் திசை காண்பதும், உண்ணிகொத்திப் பறவையின் கூச்சல் கேட்டவுடன் அருகே காட்டெருமை மறைந்திருக்கக்கூடுமென்று நிற்பதும் நித்திய பாடங்கள். தாவரம், பறவை, நட்சத்திரம், முதலுதவி ஆகியவற்றோடு, நடைப்பயணம் நடத்த விழைவோர் துப்பாக்கித் தேர்ச்சியும் பெறல் வேண்டும். எனினும், அதனைப் பிரயோகிக்க நேராதவாறு உரிய தருணத்தில் விலகத் தெரிந்தவரே உத்தம வழிகாட்டி.