மந்தர ஒலிப்பெட்டியின் வரலாறு



கொச்சியை அடுத்த மட்டாஞ்சேரியில் யூதர் குடியிருந்த குறுகிய வீதி ஒன்று உண்டு. ஜூ டவுன் என்றே யாவரும் அதனை அழைக்கின்றனர். வீதியின் கோடியில் 1568ஆம் ஆண்டில் எழுப்பப்பெற்ற ஜெப ஆலயம் நிற்கின்றது. அதற்குப் பரதேசி ஆலயம் என்று பெயர். தமிழ்நாட்டில் இச்சொல்லைக் கேட்டால் திருவோடுதான் நம் நினைவுக்கு வரும். இங்கோ, வேற்று நாட்டிலிருந்து வந்து குடியேறியவர் என்பதே பொருள். அவ்வகையில், பிழைப்பை நாடி அயல் மாநிலங்களில் வாழும் நாமும் பரதேசிகளே. வருந்த ஒன்றுமில்லை.

கொச்சி யூதர் வழிவழியாகக் காத்துவந்த செப்பேடுகள் புகழ் பெற்றவை. கி.பி. 1000ஐ ஒட்டிய காலத்தில், சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன் யோசேப்பு ரப்பான் என்னும் யூதத் தலைவனுக்கு அளித்த உரிமைச் சாசனம் அது. எழுத்து வட்டெழுத்து, மொழியோ, பழந்தமிழ் பயின்றவர் பெரும்பாலும் பொருள் கண்டுகொள்ளக்கூடியது. பகல் விளக்கு, பாவாடை, பல்லக்கு, குடை என்று மன்னன் வழங்கிய சிறப்புகளை அடுக்கிக்கொண்டு வரும் அச்சாசனம், அவற்றின் வரிசையிலேயே வடுகப்பறையையும் காகளத்தையும் சேர்க்கின்றது. பறை கொட்டவும் கொம்பு ஊதவும் அரசனுடைய அனுமதி வேண்டியிருந்தது! தெருவில் பேரொலி எழுப்புவது அன்று குடையைப் போலவும் பல்லக்கைப் போலவும் ஒரு விருது.

இன்று அதே வட்டாரத்தில் ஒரு மாலைப்பொழுதில் நின்று பாருங்கள். கார் ஒன்று தெருமுனையில் திரும்புமுன்னரே கடையின் கண்ணாடி அலமாரி நடுங்கும். பாட்டின் சொல் ஒன்றும் காதில் விழாது. அடித்தொனி மட்டும் நெஞ்சில் வந்து இடிக்கும். அதனை எழுப்புவது, காரின் பின்புறத்தில் சாமான் வைக்குமிடத்தில் அமர்ந்திருக்கும் ஒரு மரப்பெட்டி. கடையில் விலைக்கு வாங்கியதாக இருக்கலாம். காருக்குரியவர் தம் வீட்டு முற்றத்திலேயே அறுத்து, ஒட்டி, திருகாணி முடுக்கிச் செய்ததாகவும் இருக்கலாம். செப்பேட்டில் பொறித்துக் கொடுக்கவேண்டியிருந்த உரிமையை ஓர் இளைஞர் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் தாமே செய்துகொள்ளும் நிலை எவ்வாறு வந்தது? அதுவே இன்றைய பேச்சின் பொருள்.

பட்டறைகளில் இதனைச் சப்வூஃபர் என்றும் பேஸ் பாக்ஸ் என்றும் சொல்லுகின்றனர். மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட எனக்கு, மந்தர ஒலிப்பெட்டி என்று எழுதத் தோன்றுகின்றது. மந்தர ஸ்தாயி என்பது சங்கீதம் கேட்போர் யாவரும் அறிந்த சொல்தானே.

இந்த வரலாற்றில் முதலில் மனத்திற் கொள்ள வேண்டியது ஒன்று. தாழ்ந்த ஒலியின் குணத்தைத் தீர்மானிப்பதில் தோலுக்கும் காகிதக் கூம்புக்கும் உள்ள பங்கைவிட, உள்ளே அடைபட்ட காற்றுக்கு உள்ள பங்கு பெரிது. மானாமதுரைக் குயவர் இதனை எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. ஆயினும் கடத்தின் வயிறு எவ்வளவு, வாய் எவ்வளவு என்பதைக் கை அறியும். கடம் வாசிப்பவர் அதன் வாயைத் தம் வயிற்றோடு சேர்த்தும் விலக்கியும் ஒலியை மாற்றுவதைக் கச்சேரிகளில் கண்டிருப்பீர்கள். வாய் குறுகினால் ஒலி தாழும். பாணரின் யாழுக்குப் பத்தர், வீணைக்குக் குடம் என்று நம் கருவிகள் எல்லாம் காற்றுக்கு ஒரு வீடு கட்டிக்கொடுத்தவையே. திருவாரூர்க் கோயிலின் ஐந்து முகமுடைய குடமுழாவை நேரில் கண்டவர்க்கு மேலும் விளக்க வேண்டியதில்லை.

கேரளத்தில் இதன் உறவினன் மிழாவு. பெயரிலேயே நம் முழவின் சாயல் தெரியும். கூத்தம்பலத்தில் சாக்கியார் ஆட, நம்பியார் கொட்டும் பெருங்குடம் அது. முற்காலத்தில் மண்ணால் ஆனது, பின்னர்ச் செம்பாயிற்று. வயிறு பெரிது, வாய் சிறிது. அவ்வாயின்மேல் தோல் போர்த்தப்பட்டிருக்கும். மிழாவைத் தனியே தரையில் வைப்பதில்லை. அதற்கென்று அமைந்த மரக்கூண்டுக்குள் இருத்தியே வாசிப்பர். அதனை ஒரு பிரமசாரியாகவே மதித்து உபநயனம் செய்விக்கும் மரபும், பழுதுபட்டால் ஈமக்கிரியை செய்யும் மரபும் உண்டு. காற்றடைத்த ஒரு பாத்திரத்துக்கு இவ்வளவு மரியாதை வேறெங்கேனும் கிடைத்ததாக எனக்குத் தெரியவில்லை.

குயவரின் கை அறிந்ததை ஏட்டில் வடித்தவர் ஜெர்மானிய விஞ்ஞானி ஹெல்ம்ஹோல்ட்ஸ். 1863இல் வெளியான அவருடைய நூல், குடத்தின் கொள்ளளவு, கழுத்தின் அகலம், கழுத்தின் நீளம் ஆகிய மூன்றைக் கொண்டு அது எந்தச் சுருதியில் முழங்கும் என்பதைக் கணக்கிட வழி வகுத்தது. அப்பொழுது ஒலிபெருக்கி என்ற பொருளே உலகில் இல்லை.

ஒலிபெருக்கி வந்தபின் ஒரு தொல்லை முளைத்தது. 1925இல் அமெரிக்காவில் ரைஸ், கெல்லாக் என்னும் இருவர், காந்தத்தின் இடையே கம்பிச்சுருள் அசைய, அத்துடன் காகிதக் கூம்பும் அசையும் கருவியைச் சீராக்கி வெளியிட்டனர். இன்றைய ஒலிபெருக்கிகளுள் பெரும்பாலானவை அதன் வழித்தோன்றல்களே. கூம்பு முன்னே தள்ளும்போது பின்னே காற்று இழுபடுகின்றது. முன்னலையும் பின்னலையும் ஒன்றையொன்று அழித்துவிடுகின்றன. உயர்ந்த ஒலிகளுக்கு இது பெரிய குறையன்று. மந்தர ஒலிக்கோ சாவு. விநாடிக்கு 40 அதிர்வுள்ள ஒலியின் ஓர் அலை ஏறத்தாழ 8.6 மீட்டர் நீளமுடையது; அது பின்னாலிருந்து முன்னால் சுற்றி வருவதைத் தடுக்கச் சுவர் போன்ற பலகை வேண்டும். எனவே பின்பக்கத்தைப் பெட்டியால் மூடினார்கள்.

மூடிய பெட்டியில் பின்னலை வீணாகின்றதே என்று கருதிய தூராஸ் என்னும் பெல் ஆய்வுக்கூடத்து அறிஞர், பெட்டியில் ஒரு துளையிட்டுக் குழாய் பொருத்தி, பின்னலையைத் திருப்பி முன்னலைக்குத் துணையாக்கினார். 1932இல் அதற்குக் காப்புரிமை கிடைத்தது. ஹெல்ம்ஹோல்ட்ஸின் குடமே இங்கு மறுபிறவி எடுத்தது. 1954இல் வில்ச்சூர் என்பவர் நேர்மாறான வழியில் சென்றார். சிறிய பெட்டியைக் காற்றுப் புகாமல் இறுக மூடி, உள்ளிருக்கும் காற்றையே கூம்புக்குச் சுருள்வில்லாகப் பயன்படுத்தினார். அலமாரி அளவிலிருந்த பெட்டி புத்தகத்தட்டில் அடங்கியது.

ஆயினும் இவையெல்லாம் பெரும் நிறுவனங்களின் வித்தை. வீட்டு முற்றத்துக்கு இதனைக் கொண்டுவந்தவர் ஆஸ்திரேலியாவின் நெவில் தீல். இவர் பின்னர் அந்நாட்டின் ஒலிபரப்பு நிறுவனத்தில் பொறியாளராகப் பணிபுரிந்தார் என்பது வானொலியைச் சார்ந்த நமக்கு ஒரு மகிழ்ச்சி. கூம்பு தன்னியல்பில் எவ்வளவு விரைவாக அதிரும், அந்த அதிர்வு எவ்வளவு விரைவில் அடங்கும், கூம்பின் விறைப்பு எத்தனை லிட்டர் காற்றின் விறைப்புக்குச் சமம் என்ற மூன்று எண்கள் தெரிந்தால், பெட்டியைச் செய்வதற்கு முன்னரே அதன் குரலைக் கணக்கிட்டுவிடலாம் என்று 1961இல் அவர் காட்டினார். அக்கட்டுரை உள்நாட்டு ஏடு ஒன்றில் கிடந்தது. 1971இல் அமெரிக்க ஏடொன்று மறுபடி அச்சிட்ட பிறகே உலகம் கண்திறந்தது. அடுத்த சில ஆண்டுகளில் ரிச்சர்ட் ஸ்மால் அதனை விரிவாக்கினார். இன்று ஒலிபெருக்கியோடு வரும் தாளில் இவ்விருவர் பெயரால் அந்த எண்கள் அச்சாகியிருக்கின்றன. குயவர் பல்லாண்டு பழகிப் பெற்ற அறிவை அந்தத் தாள் ஒரு நொடியில் கொடுத்துவிடுகின்றது. அதனைப் படிக்காமலே மரத்தை அறுப்பவர்கள் ஏராளம் என்பது வேறு கதை.

அறுப்பதில் நேரும் பெரும்பிழை ஒன்றைச் சொல்ல வேண்டும். 30 சென்டிமீட்டர் கூம்புக்கு 28 லிட்டர் காற்று வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். உள்ளளவு 40, 35, 20 சென்டிமீட்டராக இருந்தால் கணக்கு மிகச் சரி. இந்த அளவுகளையே வெளியளவாகக் கொண்டு 18 மில்லிமீட்டர்ப் பலகையில் பெட்டி செய்தால் உள்ளே எஞ்சுவது 18.7 லிட்டர்தான்! மூன்றிலொரு பங்கு காற்றைப் பலகையே விழுங்கிவிட்டது. ஒலிபெருக்கியின் உடலும் இரண்டு மூன்று லிட்டரை அடைத்துக்கொள்ளும். அதனையும் முன்கூட்டியே சேர்க்க வேண்டும். குழாய் வைத்த பெட்டியாயின் தவறு இன்னும் கொடிது. 40 லிட்டர்ப் பெட்டியை 35 அதிர்வுக்குச் சுருதி கூட்ட, 10 சென்டிமீட்டர் விட்டமுள்ள குழாய் சுமார் 40 சென்டிமீட்டர் நீளம் வேண்டும். பெட்டியைப் பாதியாக்கினால் அக்குழாய் 90 சென்டிமீட்டரை நெருங்கும். பெட்டியைவிடக் குழாய் பெரிதாகிவிடும்.

மரத்தைப் பொறுத்தமட்டில், எம்.டி.எஃப். எனப்படும் நார்ப்பலகை சீரான கனமுடையது, அறுக்க எளிது. ஆனால் ஈரத்தை உறிஞ்சி உப்பும். கொச்சியின் மழைக்காலத்தை அறிந்தவர் ஐ.எஸ். 710 முத்திரையுள்ள கடல்தர ஒட்டுப்பலகையை நாடுவது நலம். ஒட்டுப்பலகைத் தொழிலுக்குப் பேர்பெற்ற பெரும்பாவூர் இதே எர்ணாகுளம் மாவட்டத்தில்தான் இருக்கின்றது. மூட்டுகளில் பசை இட்டுத் திருகாணி முடுக்கியபின், உட்புற மூலைகள் எல்லாவற்றையும் மறுபடி பசையால் அடைக்க வேண்டும். மூடிய பெட்டியின் கூம்பைக் கையால் மெல்ல அழுத்தி விட்டால், அது நிதானமாக மேலே வரவேண்டும். சட்டென்று துள்ளினால் எங்கோ காற்று கசிகின்றது. மின்கலத்திலிருந்து வரும் கம்பியில் ஃபியூஸை மின்கலத்தின் அருகிலேயே வைக்க வேண்டும். பெட்டியின் அருகில் வைத்தால், இடையில் கம்பி உராய்ந்து பழுதாகும்போது காரே எரியும். பதினைந்து கிலோ எடையுள்ள பெட்டியைத் தளத்தோடு பிணைக்காமல் விடுவதும் அறிவுடைமையன்று.

வீட்டில் கேட்டால் மெலிந்து ஒலிக்கும் சிறிய மூடிய பெட்டி, காரில் ஏன் இவ்வளவு முழங்குகின்றது? காரின் உட்புறம் அலையின் நீளத்தைவிட மிகச் சிறியது. அலை ஓட அங்கு இடமில்லை; உள்ளிருக்கும் காற்று முழுவதும் ஒருங்கே அழுந்தித் தளர்கின்றது. மூடிய பெட்டியின் ஒலி கீழே போகப்போக ஸ்தாயிக்கு 12 டெசிபல் வீதம் தேய்கின்றது. காரின் உட்புறமோ கணக்குப்படி அதே வீதத்தில் ஏற்றிக் கொடுக்கின்றது. கதவிடுக்குகளில் கொஞ்சம் கசிந்தாலும் இலாபம் பெரிது. மிழாவுக்கு மரக்கூண்டு போல, பெட்டிக்குக் கார் இரண்டாவது கூடாகின்றது.

உள்ளே இருப்பவர் மட்டும் கேட்டால் வழக்கில்லை. மந்தர ஒலிக்குச் சுவர் ஒரு பொருட்டன்று. ஜூ டவுன் போன்ற நெருக்கமான வீதியில் அது ஒவ்வொரு வீட்டிற்குள்ளும் நுழைகின்றது. அரசனுடைய சாசனத்துக்குப் பதிலாக இன்று சட்டம் இருக்கின்றது. வாகனத்தின் மூல அமைப்பை மாற்றலாகாது என்று கேரளத்திலிருந்து சென்ற வழக்கொன்றில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆகவே பெட்டிக்காகக் காரின் உடலை வெட்டுவது ஆகாது. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவில் 45 டெசிபல் என்று வரம்பு கட்டியுள்ளன. ஆனால் இந்த டெசிபல், மெல்லிய ஒலிகளை மனிதச் செவி உணரும் பாங்கையொட்டித் திருத்திய அளவு. அதற்கு அடிப்படை ஃப்ளெட்சரும் மன்சனும் 1933இல் வெளியிட்ட ஆராய்ச்சி. அத்திருத்தத்தின்படி விநாடிக்கு 50 அதிர்வுள்ள ஒலி சுமார் 30 டெசிபல் குறைத்தே பதிவாகும். கடையின் கண்ணாடி நடுங்குகின்றதென்று ஒருவர் முறையிட்டு, அளப்பதற்கு அதிகாரியும் வந்து நின்றால், அவர் கையிலுள்ள கருவி அந்தப் பறையில் பெரும்பகுதியைக் கேட்டிராது.